ஆயுளுக்குக் கணக்குப் போடும் உத்தியோகம்

சம்பளம் பெரிது! பரீட்சையோ அதைவிடப் பெரிது!

சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறதல்லவா? 1959-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டபோது, வெளியூர்க்காரர்கள் அதன் பதினான்கு மாடிகளையும் அண்ணாந்து பார்த்து அதிசயப்பட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டை நமக்குத் தெரியும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர். ஆனால், 30 வயதுக்காரருக்கு இவ்வளவு பிரிமியம், 50 வயதுக்காரருக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர் யார்?

அவர்தான் ஆக்சுவரி.

"பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன். இதற்குப் படிக்க வைக்கலாமா?" என்று இன்று பல பெற்றோர் கேட்கிறார்கள். நல்ல சம்பளம் என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

என்ன வேலை?

ஓர் உதாரணம். 1,000 பேர் ஒன்று சேர்கிறார்கள். யாராவது இறந்தால் அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தரவேண்டும். ஒரு வருஷத்தில் 2 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் வேண்டும். ஆளுக்கு ரூ.200 கட்டினால் போதும்.

அந்த "2 பேர்" என்பதைச் சரியாகச் சொல்வதுதான் ஆக்சுவரியின் வேலை. 4 பேர் இறந்துவிட்டால் பெட்டியில் பணம் இருக்காது. பயந்துபோய் 8 பேர் என்று கணக்கிட்டால், ஏழை வீட்டால் பிரிமியம் கட்ட முடியாது. 30 வருஷம் கழித்துத் தரவேண்டிய பணத்துக்கு இன்றே கணக்குப் போடவேண்டும். வட்டி, நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் சேர்க்கவேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியர் என்றாலே கம்பெனிகள் கூடுதல் பிரிமியம் கேட்டன. 1870-ஐ ஒட்டித் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் கம்பெனிதான், இந்தியர்களையும் சாதாரண பிரிமியத்துக்குச் சேர்த்துக்கொண்டது. பிறகு இந்தியர்களின் இறப்பு விவரங்களைக் கொண்டே அட்டவணைகள் போட்டார்கள். 1925 முதல் 1935 வரையிலான விவரங்களை வைத்துப் போட்ட "ஓரியண்டல்" அட்டவணை பல காலம் பயன்பட்டது.

ஏன் இவ்வளவு கிராக்கி?

1956-ல் 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. ஆயுள் இன்ஷூரன்சுக்கு நெடுங்காலம் அது ஒன்றேதான். 2000-ல் தனியார் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. ஒவ்வொரு கம்பெனியும் பொறுப்பான ஓர் ஆக்சுவரியை நியமிக்கவேண்டும் என்று விதியும் வந்தது. கம்பெனி தடுமாறினால், அதை அரசாங்கத்தின் இன்ஷூரன்ஸ் ஆணையத்துக்குச் சொல்வதும் அவர் கடமை.

கம்பெனிகள் பெருகின. ஆனால் எல்லாப் பரீட்சைகளையும் முடித்து 'ஃபெல்லோ' ஆனவர்கள் நாடு முழுவதிலும் சில நூறு பேரே!

சம்பளம் எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் நுழைவுத் தேர்வு எழுதலாம். அதை நடத்துவது இந்திய ஆக்சுவரிகள் கழகம். அதன்பிறகு பத்துக்கும் மேற்பட்ட பரீட்சைகள். சில பேப்பர்கள் தேறியதும் வேலைக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே மீதியைப் படிப்பதுதான் வழக்கம். இப்படி முடிக்க ஆறேழு வருஷம் ஆவது சகஜம். பத்து வருஷமும் ஆகலாம்.

ஆரம்பத்தில் ஆண்டுக்குச் சில லட்சம் சம்பளம். பல கம்பெனிகளில், ஒரு பேப்பர் தேறினால் சம்பளத்தில் ஒரு படி ஏறும். ஃபெல்லோ ஆனவருக்குச் சம்பளம் பல மடங்கு. அனுபவம் மிக்க தலைமை ஆக்சுவரிகளில் கோடி ரூபாய் வாங்குகிறவர்களும் உண்டு.

இங்கேதான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது உச்சிப்படி. கீழ்ப்படியில் கூட்டம் நிற்கிறது! இரண்டு மூன்று பேப்பர் தேறிவிட்டு முதல் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. சம்பளம் பெரிதாக இருப்பதற்குக் காரணமே, முடிப்பவர்கள் குறைவு என்பதுதான். வேலைகளில் பெரும்பங்கு மும்பை, டில்லிக்குப் பக்கத்திலுள்ள குர்கான், பெங்களூரு போன்ற நகரங்களில் இருக்கிறது. பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பவும் மனம் வேண்டும்.

என்ன செய்யலாம்?

கடன் வாங்கிப் பயிற்சி வகுப்பில் சேர்க்க அவசரப்படாதீர்கள். முதலில் பிள்ளை கல்லூரியில் கணிதமோ, புள்ளியியலோ, வணிகவியலோ படிக்கட்டும். கூடவே நுழைவுத் தேர்வையும், ஒன்றிரண்டு பேப்பர்களையும் எழுதிப் பார்க்கட்டும். ஒருமுறை தவறினால் பரவாயில்லை. தவறிய பேப்பரைத் திரும்ப எடுத்துப் படிக்க ஆசை வருகிறதா என்று பாருங்கள்.

ஆசை வந்தால் தைரியமாகத் தொடரலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை, கையில் பட்டம் இருக்கிறது. வங்கி, கணக்கு வேலை என்று வேறு வழிகள் உண்டு.

ஆயிரம் குடும்பங்களின் எதிர்காலத்துக்குக் கணக்குப் போடப் போகிற பிள்ளை அல்லவா? அவன் எதிர்காலத்துக்கு நாம் முதலில் சரியாகக் கணக்குப் போடுவோம்!