200 பேருக்கு ஒரு மேயர்! நார்வேயின் உட்சிரா தீவு தாக்குப்பிடிப்பது எப்படி?

ஒரு சுமாரான அபார்ட்மென்ட் பிளாக்கிலேயே 200 பேர் இருப்பாங்க. நார்வேயில் கிட்டத்தட்ட அதே அளவு ஆட்களுக்குத் தனி மேயர், தனி கவுன்சில், தனி பட்ஜெட் இருக்கு. இடத்தின் பெயர் உட்சிரா. நாட்டின் 357 உள்ளாட்சிகளில் மக்கள்தொகையில் கடைசி இடம் இதுக்குத்தான்.

எங்கே இருக்கு?

மேற்குக் கரையில் உள்ள ஹௌகெசுண்ட் நகரிலிருந்து சுமார் 18 கி.மீ. தள்ளி, வட கடலுக்கு நடுவே. பரப்பளவு 6 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். ஃபெரியில் போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வடக்கில் ஒரு துறை, தெற்கில் ஒரு துறை. காற்று அடிக்கும் திசையைப் பார்த்துத்தான் படகு எங்கே ஒதுங்கணும்னு முடிவாகும்.

200 பேருக்குத் தனி நிர்வாகம் தேவையா?

நார்வேயில் பல வருஷமா ஓடும் விவாதம் இது. அங்கே உள்ளாட்சி பெருசோ சின்னதோ, அடிப்படைக் கடமைகள் ஒன்றுதான். ஏழு லட்சம் பேர் வாழும் ஓஸ்லோ மாதிரியே உட்சிராவும் தொடக்கப் பள்ளி, டாக்டர், முதியோர் பராமரிப்பு எல்லாத்துக்கும் பொறுப்பு. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் பெட்டியைக் கட்டினால் மக்கள்தொகையில் 2.5% காலி. அதில் இரண்டு பசங்க இருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் அடி.

2014-ல் ஆரம்பித்த இணைப்புத் திட்டத்தில், 428 ஆக இருந்த உள்ளாட்சிகள் 2020-ல் 356 ஆகக் குறைந்தன. உட்சிரா தப்பித்தது. கரையோடு இணைத்தாலும் பள்ளியையும் நர்ஸையும் தீவில்தான் வைத்தாகணும். பெருசா என்ன மிச்சமாகிடும்?

ஒரு ஃபிளாஷ்பேக்

டோர்வஸ்டாட் உள்ளாட்சியிலிருந்து உட்சிரா பிரிந்தது 1924-ல். அடுத்த வருஷத் தேர்தலில் 12 இடங்களில் 11-ஐப் பிடித்தவர்கள் பெண்கள்! மருத்துவச்சியாக இருந்த ஓசா ஹெல்கெசென் 1926-ல் நார்வேயின் முதல் பெண் மேயரானார். கூட்டம் சின்னதா இருந்தால் இப்படி ஓர் அதிரடியும் சாத்தியம்.

இப்போ ஏன் பேச்சு?

காற்று! 2004-லேயே இங்கே காற்றாலை மின்சாரத்தை ஹைட்ரஜனாகச் சேமித்து, பத்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. இப்போ தீவுக்கு அருகே கடலில் 'உட்சிரா நோர்ட்' என்ற சுமார் 1,000 சதுர கி.மீ. பகுதியை மிதக்கும் காற்றாலைகளுக்காக அரசு ஒதுக்கியிருக்கு. இலக்கு 1,500 மெகாவாட். கடல் அங்கே ரொம்ப ஆழம், தூண் நட முடியாது என்பதால்தான் மிதக்கும் டிசைன்.

திட்டத்துக்குத் தீவின் பெயர் கிடைச்சாச்சு. வேலைவாய்ப்பு தீவுக்கு வருமா, கரையிலுள்ள துறைமுகங்களோடு நின்றுவிடுமா என்பதுதான் கேள்வி. நாலு குடும்பம் புதுசா வந்து குடியேறினாலே உட்சிராவின் கணக்கு மாறிடும்.