எம்.எல்.ஏ.க்களுக்கு 1, 2, 3... நமக்கு ஒரே பட்டன்! முன்னுரிமை வாக்கு முறை புதுச்சேரிக்கு ஏன் பொருந்தும்?

"நல்ல ஆளுதான், ஆனா ஜெயிக்க மாட்டாரு. அவருக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்டாகிடும்." தேர்தல் வந்தாலே புதுச்சேரி டீக்கடைகளில் கேட்கும் பேச்சு இது. இந்தக் குழப்பத்துக்கு இடம் தராத ஒரு வழி உண்டு: முன்னுரிமை வாக்கு, அதாவது ரேங்க்டு சாய்ஸ் வோட்டிங்.

எப்படி நடக்கும்?

ஒருவரை மட்டும் தேர்வு செய்யாமல், பிடித்த வரிசையில் 1, 2, 3 என எண் போடலாம். முதல் எண்ணிக்கையில் யாராவது பாதிக்கு மேல் வாங்கினால் அவரே வெற்றியாளர். யாரும் வாங்கவில்லை என்றால், கடைசி இடத்தில் இருப்பவர் நீக்கப்படுவார். அவருக்கு விழுந்த ஓட்டுகள், அந்த வாக்காளர்கள் 2 என்று குறித்தவருக்குப் போகும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

புதுச்சேரிக்கு என்ன சம்பந்தம்?

30 தொகுதிகள், சுமார் 10 லட்சம் வாக்காளர்கள். சராசரியாக ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம் பேர்தான். இவ்வளவு சின்ன தொகுதியில் சில நூறு ஓட்டு பிரிந்தாலே முடிவு மாறிவிடும். சுயேச்சைகளும் இங்கே சும்மா நிற்பதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 6 சுயேச்சைகள் ஜெயித்தார்கள். அது தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியாகப் பெற்ற அதே எண்ணிக்கை!

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். பதிவான ஓட்டு 24,000. ஆளுங்கட்சி வேட்பாளர் 9,000, எதிர்க்கட்சி வேட்பாளர் 8,500, எதிர்க்கட்சியில் சீட் கிடைக்காமல் சுயேச்சையாக நின்றவர் 6,500. இப்போதைய முறையில் 9,000 வாங்கியவர் எம்.எல்.ஏ. அவருக்கு ஓட்டு போடாதவர்கள் 15,000 பேர்.

முன்னுரிமை முறையில் சுயேச்சை நீக்கப்படுவார். அவரது ஓட்டுகளில் 4,500 எதிர்க்கட்சிக்கும் 1,500 ஆளுங்கட்சிக்கும் போகிறது, 500 பேர் இரண்டாவது எண் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது எதிர்க்கட்சி 13,000, ஆளுங்கட்சி 10,500. முடிவே மாறிவிட்டது. ஓட்டைப் பிரிக்கவே ஆள் நிறுத்தும் தந்திரமும் இங்கே பெரிதாக எடுபடாது.

இந்தியாவுக்குப் புதுசா?

இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. 1969-இல் வி.வி.கிரி முதல் எண்ணிக்கையில் முன்னிலை பெற்றும் பாதியைத் தாண்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகே, நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

புதுச்சேரியின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களுக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு உண்டு. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை இடத்துக்குப் போட்டி வந்தாலும் அவர்கள் 1, 2, 3 என்றுதான் எண் போட வேண்டும். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் மக்களுக்கு மட்டும் ஒரே பட்டன்.

இரண்டாவது வாய்ப்பு பெறும் புதுச்சேரிக்காரர்கள்

இதே ஊரில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டு போடுகின்றன. அங்கே யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கு இடையே மறுபடி தேர்தல். 2022-இல் முதல் சுற்று ஏப்ரல் 10, இரண்டாம் சுற்று ஏப்ரல் 24. முதல் சுற்றில் மக்ரோன் பெற்றது சுமார் 28 சதவீதம், இரண்டாம் சுற்றில் 58 சதவீதத்துக்கும் மேல். முன்னுரிமை வாக்கில் இதே வேலை ஒரே நாளில் முடிகிறது. இரண்டாவது முறை பூத் வேண்டாம், பாதுகாப்புச் செலவும் வேண்டாம்.

சிக்கலே இல்லையா?

இருக்கிறது. இலங்கை அதிபர் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம் மட்டுமே பெற்றதால், அந்நாட்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. ஆனால் நீக்கப்பட்ட வேட்பாளர்களின் 33 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகளில், முதல் இருவருக்கும் மாறியது மூன்று லட்சத்துக்கும் குறைவு. விருப்பம் குறிக்கலாம் என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்பதே பாடம்.

நம் மின்னணு வாக்கு எந்திரமும் வரிசையைப் பதிவு செய்யாது. எண்ணி முடிக்கக் கூடுதல் நேரமும் ஆகும். பணப் பட்டுவாடாவை இந்த முறை ஒழித்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

மாற்ற முடியுமா?

சட்டமன்றத் தேர்தல் முறையை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டம் திருத்த வேண்டும். முதலில் சின்ன அளவில் பார்க்கலாம் என்றால் உள்ளாட்சித் தேர்தல்தான் பொருத்தமான இடம். ஆனால் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் அது நடந்தது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. எப்படி ஓட்டு போடுவது என்ற கேள்விக்கு முன்னால், தேர்தல் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்பதையும் இந்த ஊர் கேட்க வேண்டியிருக்கிறது.