முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள்

புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட்டால் பாதி நோய் போன மாதிரி நமக்கு. கல்லீரல் அடினோமா விஷயத்தில் அந்த நிம்மதி கூடாது. கருத்தடை மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்ட பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்தக் கட்டி 5 செ.மீ.யைத் தாண்டினால், வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும் அபாயம் கூடுகிறது. வலப்பக்க விலாவுக்குக் கீழே திடீர் வலி, குப்பென்று வியர்வை, மயக்கம். அந்த நிலையில் வயிற்றைத் திறந்து கல்லீரலை வெட்டுவது, நிதானமாகத் திட்டமிட்டுச் செய்யும் அறுவையைவிட மிகவும் ஆபத்தானது. அதற்குப் பதிலாக, தொடையிலோ மணிக்கட்டிலோ சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கல்லீரல் தமனிவரை செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையை மட்டும் நுண்துகள்களால் அடைத்துவிடலாம். கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ தமனியை நம்பியே வளர்கிறது. ஆகவே கட்டி பட்டினி கிடக்கும், கல்லீரல் பிழைத்துக்கொள்ளும். பிறகு ஸ்கேனில் மிச்சம் தெரிந்தால் அறுவையைப் பற்றி ஆற அமர யோசிக்கலாம். பலருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. மாரடைப்புக்காக நள்ளிரவிலும் கேத் லேபைத் திறக்கும் பெரிய மருத்துவமனைகள், இந்தச் சிகிச்சை தெரிந்த இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவரையும் இரவுப் பணியில் வைத்திருக்க வேண்டும்.