அச்சுக்கு நாலு நாள், இழுப்புக்கு நாலு நொடி

விதுராவைத் தாண்டி மலையேறும் சாலை போனக்காட்டோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காடும் அகத்தியர்கூடமும்தான். வெள்ளைக்காரர்கள் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்னமும் அங்கே லயங்களில் குடியிருக்கிறார்கள். தோட்டத்தின் நல்ல காலம் போய்விட்டது. தேயிலை அரைத்த தொழிற்சாலையில் சத்தமில்லை. ஆஸ்பத்திரி என்றாலும் கடைவீதி என்றாலும் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் அரசு பஸ்ஸுக்கு இருக்கும் மரியாதை நகரத்துக்காரர்களுக்குப் புரியாது. கொண்டைஊசி வளைவில் ஹாரன் சத்தம் கேட்டால் அது வெளியுலகம் வந்து சேர்ந்த சத்தம்.

கேரளத்தில் அந்த பஸ்ஸுக்குச் செல்லப் பெயர் 'ஆனவண்டி'. முத்திரையில் யானை இருப்பதால் வந்த பெயர். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் தொடங்கி வைத்த அரசுப் போக்குவரத்து, 1965இல் கழகமாக மாறியது. அந்த வண்டியின் மீதுள்ள பிரியம் மலையாளிகளிடையே ஒரு கைத்தொழிலையே உண்டாக்கிவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் முதல் ஓய்வுபெற்றவர்கள் வரை ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, குட்டி பஸ்கள் செய்கிறார்கள். ஊர்ப் பலகை, படிக்கட்டு, கூரை மேல் ஸ்டெப்னி வரை அச்சு அசலாக இருக்கும். கரூரில் கட்டப்படும் பஸ்களைப் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டுப் பையன்களுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு.

இவர்கள் எல்லோரும் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒன்றுதான்: முன்கண்ணாடி.

பழைய பஸ்ஸில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள். ஓ.எச்.பி. ஷீட்டைக் கத்தரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. புதிய பஸ்களின் கண்ணாடியோ பக்கவாட்டிலும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. ஒரு தாளை எடுத்து ஒரு டம்ளரைச் சுற்றுங்கள், அழகாக ஒட்டிக்கொள்ளும். அதே தாளால் ஒரு பந்தைச் சுற்றுங்கள். சுருக்கம் விழாமல் முடியாது. தட்டையான ஷீட் ஒரு பக்கமாக வளையும். இரு பக்கமும் வளைய வேண்டுமென்றால் அது நீளவும் வேண்டும். பிளாஸ்டிக்கை நீட்டுவதற்குச் சூடும் இழுவிசையும் தேவை. இதைத்தான் வாக்குவம் ஃபார்மிங் என்கிறார்கள்.

பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் உட்புறச் சுவர், கேக் வரும் பெட்டியின் ஒளிபுகும் மூடி ஆகியவை இப்படியோ, இதன் உறவுமுறை வழிகளிலோ பிறந்தவை. பல் வரிசையைச் சரிசெய்ய இப்போது டாக்டர்கள் மாட்டிவிடும் ஒளிபுகும் உறையும், வாயின் மாதிரி மீது சூடான ஷீட்டை அழுத்தி எடுத்ததுதான். அமெரிக்காவில் மாட்டெல் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகவே விற்றது. சூடான தகடும் கைப்பம்பும் கொண்ட சின்ன இயந்திரம் அது. விரலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

வீட்டில் செய்வதற்கு வேண்டியவை அதிகமில்லை. காற்று கசியாத ஒரு மரப்பெட்டி. அதன் மேல்மூடி முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். பக்கவாட்டில் வாக்குவம் கிளீனரின் குழாய் நுழைய ஒரு ஓட்டை. பிளாஸ்டிக் ஷீட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டு சட்டங்கள், அவற்றை இறுக்கக் கிளிப்புகள். சூடாக்க ஒரு மின்சார அவன். அச்சைப் பெட்டியின் மேல் வைத்து, ஷீட்டைச் சட்டத்தில் மாட்டி அவனுக்குள் வைக்க வேண்டும். முதலில் ஷீட் நெளியும். பிறகு ஒருமுறை விறைத்துக்கொள்ளும். அதன் பிறகு நடுப்பகுதி மெல்லத் தொங்க ஆரம்பிக்கும். அந்தத் தொங்கல்தான் சமிக்ஞை. கிளீனரைப் போட்டு, ஷீட்டைச் சட்டத்தோடு அச்சின் மேல் ஒரே மூச்சில் அழுத்தினால், சில நொடிகளில் அச்சின் மேடு பள்ளமெல்லாம் பிளாஸ்டிக்கில் தெரியும். தயங்கினால் ஆறிவிடும்.

இதில் இழுப்பது யார்? கிளீனர் என்றுதான் தோன்றும். உண்மையில் அது ஷீட்டுக்கு அடியிலிருக்கும் காற்றைக் குறைக்கிறது. அழுத்துவது மேலே இருக்கும் காற்று மண்டலம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று சுமார் ஒரு கிலோ பாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. நல்ல வாக்குவம் கிளீனர் அதில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை உண்டாக்கும். ஒரு அடிக்கு ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் சதுர ஷீட் என்றால் மொத்தப் பாரம் சுமார் 180 கிலோ. மூன்று ஆள் எடை! காசு கொடுத்து வாங்க வேண்டிய இயந்திர பலத்தைக் காற்று இலவசமாகக் கொடுக்கிறது.

ஆனால் எந்த ஷீட் என்பதில் விளையாடக் கூடாது. குட்டி பஸ் செய்பவர்கள் கையில் எப்போதும் இருக்கும் ஃபோம் ஷீட் பெரும்பாலும் பி.வி.சி. வெட்டி ஒட்டுவதற்கு அது உத்தமம். அளவு மீறிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. கையிலிருப்பது எந்த பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் அதைச் சூடாக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒளிபுகாத பாகங்களுக்கு ஹை இம்பாக்ட் பாலிஸ்டைரீன் ஷீட்டும், கண்ணாடிக்கு பி.இ.டி.ஜி. ஷீட்டும் சாதுவானவை. தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றும். அது சூட்டில் சுருங்கும், வெள்ளை பூத்துக் கெட்டிப்படும். பாலிகார்பனேட் ஷீட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். முன்கூட்டி உலர்த்தாவிட்டால் குமிழி குமிழியாகக் கிளம்பும். எந்த ஷீட்டானாலும் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இந்த வேலைக்கு எடுத்த அவனில் பிறகு ரொட்டி சுடக் கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகும் கஷ்டமான பகுதி பாக்கி இருக்கிறது. அதுதான் அச்சு. மரத்தைச் செதுக்கியோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை வார்த்தோ அச்சு செய்யலாம். அடி அகன்று மேலே சற்றே ஒடுங்கி இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து டிகிரிச் சாய்வு போதும். பக்கங்கள் நேர்செங்குத்தாக இருந்தால் ஆறிய பிளாஸ்டிக் அச்சை இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழே குறுகி மேலே அகன்றிருந்தால் அச்சை உடைத்துத்தான் எடுக்க முடியும். பள்ளமான இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த துளைகள் போடாவிட்டால் காற்று சிக்கிக்கொண்டு அங்கே உருவம் மழுங்கிவிடும்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுர ஷீட்டை 10 சென்டிமீட்டர் கனசதுர அச்சின் மேல் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அது போர்த்த வேண்டிய பரப்பு, அச்சின் தலை, நான்கு பக்கம், சுற்றியுள்ள தரை எல்லாம் சேர்த்து 800. பரப்பு இரு மடங்கானால் கனம் சராசரியாகப் பாதி. ஒரு மில்லிமீட்டர் ஷீட் அரை மில்லிமீட்டராகிவிடும். கீழ் மூலைகளில் அதற்கும் மெலியும். அச்சு உயரமாக இருந்தால் மூலைகளில் மடிப்பும் விழும்.

பஸ்ஸின் 24இல் ஒரு பங்கு அளவில் செய்பவருக்கு இன்னொரு சோதனை. இரண்டரை மீட்டர் அகலமான பஸ் பத்தரை சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்பது உண்மையான பஸ்ஸில் இரண்டரை சென்டிமீட்டர் பிழை. ஷீட்டின் கனத்தையும் கழித்துவிட்டு அச்சைச் செதுக்காவிட்டால் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. ஒளிபுகும் பாகமென்றால் அச்சில் இருக்கும் ஒரு கீறல்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்க நாலு நாள் போகும். இழுப்பதற்கு நாலு நொடி.

அந்த நாலு நொடியில் ஆபத்தும் இருக்கிறது. நாலு நாள் உழைத்தவரிடம் ஒரு பாகத்தை விலைக்கு வாங்கி, அதற்குள் பிளாஸ்டரை ஊற்றி அச்சாக்கிக்கொண்டால் அதன் பிறகு யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உலகமெங்கும் மாடல் செய்பவர்களிடையே இது தீராத சச்சரவு. வடிவம் யாருக்குச் சொந்தம் என்ற இந்தக் கேள்வி ஒருமுறை இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

1976இல் லண்டன் புறநகரான ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற கைவினைஞர், 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்காகச் சிப்பாய்களின் வெள்ளை ஹெல்மெட்டுகளை வாக்குவம் ஃபார்மிங் முறையில் செய்து கொடுத்தார். ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்த படங்களும், வேறொருவர் செய்த களிமண் மாதிரியும் அதற்கு அடிப்படை. படத்துக்காக அவர் செய்தவை 50. படம் 1977இல் வெளிவந்து சரித்திரமானது. 2004இல் அவர் அதே ஹெல்மெட்டின் பிரதிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஹெல்மெட் ஒரு சிற்பமா என்பதே கடைசியில் கேள்வியானது. சிற்பம் என்றால் நீண்ட காலக் காப்புரிமை. படப்பிடிப்புக்கான உபகரணம் என்றால் இல்லை. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது சிற்பமல்ல என்று தீர்ப்பளித்தது. இங்கிலாந்துக்குள் ஐன்ஸ்வொர்த் விற்கத் தடையில்லை. அமெரிக்கக் காப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே அவர்மீது வழக்கு நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இருவருக்கும் பாதிப் பாதி.

இந்தியச் சட்டத்திலும் இதே 50 என்ற எண் வருவது தற்செயல். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு: வடிவமைப்பாகப் பதிவு செய்யத் தகுதியிருந்தும் பதிவு செய்யாத ஒரு வடிவம், உரிமையாளராலோ அவர் அனுமதியோடோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கப்பட்டால் அதற்குரிய காப்புரிமை போய்விடும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. கலைப்படைப்புக்கும் தொழில் வடிவமைப்புக்கும் கோடு எங்கே என்பதை 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. திரவ எரிவாயு கொண்டுசெல்லும் டிரெய்லரின் வரைபடங்கள் தொடர்பான வழக்கு அது. குட்டி பஸ் செய்பவருக்கு இது தூரத்து இடியாகத் தோன்றலாம். ஆனால் தன் முன்கண்ணாடியை ஐம்பத்தொன்றாவது முறையாக இழுத்து விற்கும் நாளில் அது பக்கத்தில் வந்துவிடும். பெயரும் அப்படித்தான். கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற எழுத்துக்களுக்காக கேரளமும் கர்நாடகமும் மல்லுக்கட்டின; 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

தனக்காக ஒரே ஒரு பஸ் செய்து அலமாரியில் வைப்பவரை எந்தச் சட்டமும் தேடி வரப்போவதில்லை. அவருக்கு இருக்கும் அவசரம் வேறு. ஒரு காலத்தில் கேரள கழகம் திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டிலும் மற்ற பணிமனைகளிலும் தன் பஸ்களின் உடலைத் தானே கட்டிக்கொண்டது. பணிமனைக்குப் பணிமனை முகம் கொஞ்சம் மாறும். பார்த்தவுடன் சொல்லிவிடும் ரசிகர்கள் உண்டு. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய முகங்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகின்றன. இந்த வண்டிகளுக்கு மியூசியத்தில் இடம் தேடுகிறவர்கள் குறைவு.

மலைச்சாலை முடியும் இடத்தில் பஸ் திரும்புவதற்கு முன் கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவர் டீ குடித்து வருவதற்குள், டேப்பை வைத்து முன்கண்ணாடியின் அகலம், உயரம், நடுவில் எவ்வளவு துருத்துகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டுவிடலாம். அளவு எடுத்தாகிவிட்டால் மரம் செதுக்க எத்தனை நாளானாலும் பரவாயில்லை. வண்டி போன பிறகு அளவு எடுக்க முடியாது.