சுவடிக்குள் கத்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் முதல் தேதியன்று, காரைக்காலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு நண்பர்கள் ஒரு சுட்டியை அனுப்பினார்கள். அவர் நெடுங்காலமாகத் தேடிவந்த நூலொன்றின் முதற்பதிப்பு இணையத்தில் கிடைக்கிறது என்று குறிப்பும் இருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொடுக்கினார். திரையில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் ஆடிப் பாடத் தொடங்கினார். சுற்றி இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பாடியவர் ரிக் ஆஸ்ட்லி. பாடல் 1987இல் வந்தது. ஏதோ ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி இப்பாடலுக்கு அழைத்துச் செல்லும் விளையாட்டு 2007இல் பரவியது. 'ரிக்ரோல்' என்று பெயரும் பெற்றது. 2008 ஏப்ரல் 1 அன்று யூடியூப் நிறுவனமே தன் முகப்பில் இருந்த காணொளிகளின் சுட்டிகளை இப்பாடலுக்குத் திருப்பிவிட்டது. 2021 ஜூலையில் பாடல் நூறு கோடி பார்வைகளைக் கடந்தது.

'ஒரு பாட்டைக் கேட்டதால் யாருக்கு என்ன நட்டம்?' என்பது இந்த விளையாட்டின் ஆதரவாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி. நம் இலக்கிய நண்பர்கள் ஒருபடி மேலே சென்று, இதுவும் ஒருவகைச் சிலேடைதானே என்கிறார்கள். இல்லை. பாம்பையும் எள்ளையும் ஒரே செய்யுளில் வைத்தார் காளமேகம். இரண்டு பொருளும் கேட்பவர் முன்னாலேயே கிடக்கின்றன. கண்டுபிடிக்கும் இன்பம் கேட்பவருக்கு உரியது. பொய்ச்சுட்டியிலோ கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அங்கே இன்பம் முழுவதும் அனுப்பியவருக்கு; வாசகனுக்குக் கிடைப்பது அசடு வழிதல் மட்டுமே.

அடுத்த வாதம், இது மக்களை விழிப்படையச் செய்கிறது என்பது. 2000ஆம் ஆண்டு மே மாதம் காதல் கடிதம் என்ற தலைப்புடன் வந்த மின்னஞ்சல் இணைப்பைத் திறந்து உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகள் நச்சுநிரலுக்கு இரையாயின. அன்றிலிருந்து நாம் எத்தனையோ கேலிகளைப் பார்த்துவிட்டோம். விழிப்பு வந்ததா? வெட்கம்தான் வந்தது.

அதே பெரியவருக்குப் பின்னொரு நாள் தெரிந்தவர் எண்ணிலிருந்து ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. திறந்தார். அது அழைப்பிதழ் அன்று. கைப்பேசியைக் களவாடும் செயலி. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. அவர் அதை எங்களிடம் சொன்னது மூன்றாம் நாள். இணைய மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ, பணத்தை இடைமறிக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல். "ஏன் ஐயா அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள்லாம் மறுபடியும் சிரிப்பீங்களே தம்பி" என்றார்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் விடையில்லை. திருடியவன் யாரோ முகம் தெரியாதவன். ஆனால் அவர் வாயை மூன்று நாள் அடைத்தது எங்கள் சிரிப்பு.

காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு பெரியபுராணத்தை மறக்க முடியாது. போரில் பலமுறை தோற்ற முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். யாரிடமும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறான். சுவடிக் கட்டுக்குள் இருந்தது கத்தி. அரிய நூல் என்ற தூண்டில் அன்றும் இதேதான்! குத்துண்டு விழுந்த மெய்ப்பொருள் நாயனாரைச் சேக்கிழார் ஏமாளி என்று எள்ளவில்லை. வேடத்தை நம்பியது அவர் குற்றமன்று. வேடம் போட்டது முத்தநாதன் குற்றம். நம் மரபு இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருந்தது. நாமோ நம்பியவரைக் கேலி செய்கிறோம், ஏய்த்தவனைக் கெட்டிக்காரன் என்கிறோம்.

நாங்கள் அனுப்பிய பாட்டும் மோசடிக்காரன் அனுப்பிய அழைப்பிதழும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நண்பர்களின் கேலிக்குச் சட்டம் தேவையில்லை, நாணம் போதும். ஆனால் இரண்டும் நுழையும் வாசல் ஒன்றே: தெரிந்தவர் அனுப்பியது என்ற நம்பிக்கை. அந்த வாசலை விளையாட்டுக்காகத் திறந்து பழக்கியவர்கள் நாம்.

சுட்டி என்பதும் ஒரு சொல்தான். 'இங்கே இது இருக்கிறது' என்று எழுதுகிறவர் வாக்குக் கொடுக்கிறார். சொல்லையே நம்பி வாழும் இலக்கிய வாசகர்களாவது அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? அடுத்த ஏப்ரலில் யாரையாவது ஏமாற்றத் தோன்றினால், நாளை உண்மையிலேயே இழப்பு நேரும்போது அவர் நம்மிடம் ஓடிவருவாரா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.