யோசனை தொழிலாளியுடையது, காப்புரிமை நிறுவனத்துடையது: 20ஆவது பிரிவு யாருக்காக?

சிம்பாங் அம்பாட் – ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பத்து காவான் தொழிற்பேட்டை நிற்கிறது. 2014 மார்ச்சில் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்த வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. மருத்துவக் கருவிகளும் மின்னணுப் பாகங்களும் இங்கிருந்து உலகச் சந்தைக்குப் போகின்றன. அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகளும் ஆப்பரேட்டராக, டெக்னீஷியனாக, இன்ஜினியராக வேலை பார்க்கிறார்கள்.

சம்பளம், ஓவர்டைம், போனஸ், சொக்சோ ஆகியவற்றில் தங்களுக்கு என்ன உரிமை என்று இவர்களில் பலருக்கு ஓரளவு தெரியும். அதிகம் பேசப்படாத இன்னோர் உரிமையும் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒருவர் கண்டுபிடித்த ஒன்றுக்கு நிறுவனம் காப்புரிமை எடுத்தால், கண்டுபிடித்தவருக்கு என்ன சேர வேண்டும்?

பல தொழிற்சாலைகளில் யோசனைத் திட்டம் உண்டு. நல்ல யோசனை சொன்னவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு வவுச்சரும் கிடைக்கும், அறிவிப்புப் பலகையில் படமும் வரும். கணக்கு அதோடு முடிந்தது என்றுதான் இரு தரப்பும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு 1986 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதன் 20ஆவது பிரிவு தொழிலாளர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது. கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்டவர் முதல் வகை. ஆராய்ச்சிப் பிரிவு இன்ஜினியர் போன்றவர். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அவர் கண்டுபிடித்ததன் காப்புரிமை முதலாளிக்கே. ஆனால் வேலையில் சேர்ந்தபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட மிக அதிகமான பொருளாதார மதிப்பை அது அடைந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஒரு தொகை தர வேண்டும்.

இரண்டாவது வகைதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. கண்டுபிடிப்பது அவருடைய வேலை அல்ல. இயந்திரத்தை ஓட்டுவது, பழுது பார்ப்பது, தரம் சோதிப்பதுதான் வேலை. எடுத்துக்காட்டாக, மெல்லிய கதீட்டர் குழாயைப் பிடித்து ஒட்டும்போது அடிக்கடி கோணிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெக்னீஷியன், நிறுவனத்தின் பொருள்களையும் தகவல்களையும் பயன்படுத்தி, அதைத் தடுக்கும் ஒரு புதிய பிடிப்புக் கருவியைச் செய்கிறார். இங்கும் காப்புரிமை முதலாளிக்கே போகிறது. ஆனால் "எதிர்பார்த்ததைவிட மிக அதிக மதிப்பு" என்ற நிபந்தனை இவருக்கு இல்லை. நியாயமான தொகை பெற இவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் நேராகவே சொல்கிறது. உடன்பாடு வராவிட்டால், அவருடைய சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, அதனால் முதலாளி அடைந்த பலன் ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கலாம்.

அதாவது, இந்த ஒரு விஷயத்தில் ஆராய்ச்சி அறையில் இருப்பவரைவிட உற்பத்திக்கூடத்தில் நிற்பவரின் உரிமை வலுவானது. மூன்றாவது உட்பிரிவு இன்னொன்றையும் சேர்க்கிறது: இந்த உரிமைகளை எந்த ஒப்பந்தத்தாலும் குறைக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட தாள்களில் "எல்லாம் நிறுவனத்துக்கே" என்று எழுதியிருந்தாலும், இந்தத் தொகையைக் கேட்கும் உரிமை போய்விடாது.

காகிதத்தில் இவ்வளவு வலுவான உரிமை கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைக் காட்ட ஒரு பிரிட்டிஷ் வழக்கு போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டில் விரல் நுனியைக் குத்தி ஒரு பட்டையில் இரத்தம் எடுத்துப் பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. அந்தத் தொழில்நுட்பத்துக்கு உதவிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இயன் ஷாங்க்ஸ் என்ற விஞ்ஞானியுடையது. 1982இல் யூனிலீவர் குழுமத்தில் வேலை பார்த்தபோது, மகளின் பொம்மை நுண்ணோக்கிப் பெட்டியில் இருந்த கண்ணாடித் தகடுகளையும் புல்டாக் கிளிப்புகளையும் வைத்து வீட்டிலேயே முதல் மாதிரியைச் செய்தார். காப்புரிமை நிறுவனத்துக்குப் போனது. நிறுவனமோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் மற்ற நிறுவனங்கள் அதற்கு உரிமம் வாங்கத் தொடங்கியதும் பணம் வந்தது. மொத்தம் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பவுண்டு.

ஷாங்க்ஸ் 2006இல் தன் பங்கைக் கேட்டார். இவ்வளவு பெரிய குழுமத்தின் மொத்த வருமானத்தில் இது ஒரு சிறு துளி, ஆகவே "தலைசிறந்த பலன்" என்று சொல்ல முடியாது என்பது நிறுவனத் தரப்பு வாதம். கீழ் நிலைகளில் அவர் தோற்றார். 2019 அக்டோபரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 20 லட்சம் பவுண்டு வழங்கியது. நிறுவனம் பெரியது என்பதே கொடுக்காமல் இருக்கக் காரணமாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பன்னாட்டு நிறுவனங்கள் நிறைந்த பினாங்குக்கு இது வேண்டிய வாதம்தான். ஆனால் 13 ஆண்டுகள்! அவர் பேராசிரியர், பெயர் பெற்ற விஞ்ஞானி. 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் 13 ஆண்டுகள் வழக்கு நடத்துவாரா?

ஜப்பானில் நீல நிற எல்இடி விளக்கைச் சாத்தியமாக்கிய ஷூஜி நாகமுராவுக்கு அவருடைய நிறுவனம் முதலில் கொடுத்தது 20,000 யென். 2004இல் தோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில், 2005இல் சமரசமாகக் கிடைத்தது சுமார் 84 கோடி யென். பின்னாளில் அவர் நோபல் பரிசும் பெற்றார்.

நம் நாட்டுச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 20ஆவது பிரிவின்படி தொகையை நிர்ணயிப்பது நீதிமன்றம். அதாவது உயர் நீதிமன்றம். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவை நாடுவது போல இதற்கு எளிய வழி இல்லை. ஜெர்மனியில் 1957ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் கண்டுபிடிப்புகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அங்கே காப்புரிமை அலுவலகத்திலேயே ஒரு சமரச வாரியம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. அப்படி ஒன்றை மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் அமைப்பதற்கு என்ன தடை? 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது மனம் இருந்திருந்தால் இதையும் சேர்த்திருக்கலாம்.

இன்னோர் இடைவெளி, வெளிநாட்டுக் காப்புரிமை. பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் பதிந்து அங்கே லாபம் பார்த்தால் என்ன செய்வது? பிரிட்டிஷ் சட்டம் வெளிநாட்டுக் காப்புரிமைகளையும் வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்கிறது. நம் 20ஆவது பிரிவில் அப்படி ஒரு வாசகம் இல்லை. ஆறுதலான ஒன்று, 23ஏ பிரிவு: மலேசியாவில் வசிப்பவர், பதிவதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல், இங்கே விண்ணப்பிக்கும் முன் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. ஆகவே ஒரு தடயமாவது உள்நாட்டில் இருக்கும்.

நிறுவனங்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எடுக்கும் காப்புரிமைகளில் பெரும்பாலானவை ஒரு காசும் ஈட்டுவதில்லை. இயந்திரம், சோதனை, அனுமதி, சந்தை எல்லாவற்றுக்கும் முதல் போடுவது நிறுவனம்தான். ஒரு பிடிப்புக் கருவிக்குப் பின்னால் ஐந்தாறு பேரின் கை இருக்கும். யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. இதெல்லாம் உண்மை. ஆனால் இவை தொகையைக் குறைப்பதற்கான காரணங்கள். பெயரையே விட்டுவிடுவதற்கான காரணங்கள் அல்ல.

நடைமுறையில் முதலில் காணாமல் போவது பெயர்தான். டெக்னீஷியன் வாயால் சொன்னதை மேற்பார்வையாளர் குறித்துக்கொள்கிறார், இன்ஜினியர் அறிக்கையாக்குகிறார், விண்ணப்பத்தில் வேறு பெயர் ஏறுகிறது. காப்புரிமை விண்ணப்பப் படிவத்தில் விண்ணப்பதாரருக்கும் கண்டுபிடித்தவருக்கும் தனித்தனி இடங்கள் உண்டு. அந்த இரண்டாவது இடத்தில் பெயர் இல்லாதவர், பின்னாளில் தொகை கேட்க வந்தால் முதலில் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே யோசனையை வாயால் சொல்லாமல், தேதியிட்டு, எழுத்தில், யோசனைப் படிவத்திலோ மின்னஞ்சலிலோ கொடுப்பது நல்லது. நிறுவன வரைபடங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு வம்பில் மாட்டிவிடும். தன் பங்கு என்ன என்ற குறிப்பு போதும். நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததா என்பதை, விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, மைஐபிஓவின் இணையத் தேடலில் பார்க்கலாம்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 20ஆவது பிரிவு ஒப்பந்தத்தின் மூலம் உரிமையைக் குறைக்கத்தான் தடை விதிக்கிறது, கூட்டுவதற்கு அல்ல. விண்ணப்பம் போட்டால் இவ்வளவு, காப்புரிமை கிடைத்தால் இவ்வளவு, உரிமக் கட்டணம் வந்தால் அதில் இத்தனை விழுக்காடு என்று கூட்டு ஒப்பந்தத்தில் ஓர் அட்டவணையைச் சேர்த்துவிட்டால், உயர் நீதிமன்றப் படியேறும் தேவை பெரும்பாலும் இருக்காது. அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் சங்கப் பொறுப்பாளர்கள், சம்பள உயர்வுக்கும் சீருடைப் படிக்கும் அடுத்த வரியில் இதை எழுதிக்கொண்டு போகலாம்.