ஏகாதசிக்கு நோபல் பரிசாம்!

அன்னிய நாட்டு விஞ்ஞானி ஒருவர் கண் விழித்து உழைத்து ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்தால், "இது எங்கள் ரிஷிகள் அன்றே சொன்னதுதான்" என்று மறுநாளே சொந்தம் கொண்டாட நம் நாட்டில் ஒரு கூட்டம் தயாராயிருக்கிறது. ஜப்பானியரான யோஷினோரி ஒசுமிக்கு 2016-ம் வருஷம் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அது ஏகாதசி விரதத்தின் மகிமைக்குக் கிடைத்த பரிசு என்னும் புளுகு கைபேசிக்குக் கைபேசி பரவி வருகிறது. படித்தவர்கள் என்போரும் இதை நம்புவதால், இதன் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

நமது சரீரம் உயிரணுக்களால் ஆனது. அணுவுக்குள் இருக்கும் புரதங்கள் வேலை செய்து, நாளடைவில் கெட்டுப் போகின்றன. கெட்டவற்றை அணுவானது ஒரு சிறு பையில் கட்டி, செரிக்கும் சத்துள்ள வேறொரு பையில் சேர்த்துச் சிதைத்து, மறுபடியும் உபயோகித்துக் கொள்ளுகிறது. இதற்கு 1963-ல் பெல்ஜியத்து விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டுவே ஆட்டோபேஜி, அதாவது தன்னைத் தானே உண்ணல், என்று பெயரிட்டார். ரொட்டியைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை ஆராய்ந்து, இவ்வேலைக்கு அவசியமான 15 ஜீன்களை 1993-ல் வெளியிட்டவரே ஒசுமி. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டையே அன்றி மனிதரை அல்ல. அதுவும் பஞ்சாங்கம் பார்த்து அல்ல!

மூளை விஷயத்தைப் பாருங்கள். மற்ற அணுக்கள் பல, பிரிந்து புதிதாகின்றன. நரம்பணுக்களோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அவையேதான். குப்பையைத் தள்ளாவிட்டால் அது உள்ளேயே தேங்கும். 2006-ல் ஜப்பானில் இரண்டு குழுவினர், எலிகளின் நரம்பணுக்களில் இவ்வேலைக்குரிய ஜீன் ஒன்றை நீக்கிப் பார்த்தார்கள். புரதக் குப்பை சேர்ந்தது, நடை தடுமாறிற்று. அந்த எலிகள் விரதம் இருந்தவை அல்ல. அப்படியானால், உண்ட நாளிலும் மூளையின் துப்புரவு வேலை ஓயாமல் நடந்தாக வேண்டும் என்பது விளங்கவில்லையா? 1906-ல் ஜெர்மானிய டாக்டர் அல்ஸைமர், நினைவிழந்து மாண்ட ஒரு பெண்ணின் மூளையில் கண்டதும் இத்தகைய படிவுகளையே. விரதத்தால் அந்நோய் தீரும் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

நாம் கேட்கிறோம்: 1665-ல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வரை 'செல்' என்ற ஒன்றையே உலகம் அறியாதபோது, ரிஷிகள் அதற்குள் இருந்த குப்பையை எந்தக் கண்ணால் பார்த்தார்கள்? ஏகாதசிக்கு அவர்கள் சொன்ன பலன் வைகுண்டந்தானே அல்லாமல், மூளைச் சுகமா?

இது வெறும் வீண் பெருமையோடு நின்றால் நமக்குக் கவலையில்லை. நீரிழிவுக்கு ஊசி போட்டுக் கொள்ளும் கிழவரை, "விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று பட்டினி போட்டால், சர்க்கரை தாழ்ந்து அவர் உயிருக்கே ஆபத்து வரும். மறதி கண்ட தாயாரை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய பணமும் நாளும் விரதத்திலும் பூஜையிலும் கழிந்து போகும்.

ஆகவே தோழர்களே, இப்படி ஒரு செய்தி உங்கள் கைக்கு வந்தால், "யார் கண்டது? எதில் கண்டது? எப்படி மெய்ப்பித்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், கெட்ட புரதத்தை அணு என்ன செய்கிறதோ அதையே நீங்களும் அந்தச் செய்திக்குச் செய்யுங்கள்.